வீட்டுக்குள் மண்ணில்லாமல் பூ வளர்க்க எந்த ஹைட்ரோபோனிக் அமைப்பு? (ஜெர்பெரா, சாமந்தி, பெட்டூனியா, ஆர்க்கிட்)

#1 ஈரவேர்

வணக்கம் நண்பர்களே. ஓர் அறை, 3 மீட்டருக்கு 3.5 மீட்டர். ஒரே ஜன்னல், வெயில் நேராக விழாது. எல்இடி விளக்கு போடப்போகிறேன். வளர்க்க நினைப்பவை: ஜெர்பெரா 8, சாமந்தி 6, பெட்டூனியா 4, ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் 3. குழாய்த் தண்ணீரின் இசி (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) 0.5, பிஎச் (அமில-காரத் தன்மை) 7.8. மின்சாரம் சில நாள் மூன்று மணி நேரம் வரை நின்றுபோகும். என்எஃப்டி குழாய் அமைப்பு ஒன்றை வாங்கி எல்லாவற்றையும் அதிலேயே வைத்துவிடலாமா?

#2 இலைநரம்பு

என்எஃப்டி வேண்டாம். அது மோசமான அமைப்பு என்று சொல்லவில்லை. உங்கள் பட்டியலுக்கும் உங்கள் மின்சாரத்துக்கும் ஒத்துவராது.

என்எஃப்டியில் வேருக்குக் கீழே ஓடுவது சில மில்லிமீட்டர் தடிமனுள்ள நீர்ப்படலம். குழாய்க்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர், மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு என்று சரியாக அமைத்தால் கீரை வகைகளுக்கு அருமையாக வேலை செய்யும். ஆனால் பம்ப் நின்ற நிமிடமே படலம் வடிந்துவிடும். விளக்குச் சூட்டில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வேர் நுனி காயத் தொடங்கிவிடும். இன்னொன்று, கீரை ஐந்தாறு வாரத்தில் அறுவடையாகிவிடுகிறது. ஜெர்பெரா இரண்டு வருடம் நிற்கும் செடி. அதன் வேர் குழாயை மெத்தை மாதிரி அடைத்துக்கொள்ளும், தண்ணீர் பின்னால் தேங்கி மூடி வழியாக வழியும்.

எத்தனை நாள் நிற்கும் செடி, தண்டு வேரோடு சேரும் கழுத்துப் பகுதி ஈரத்தைத் தாங்குமா, பம்ப் நின்றால் எத்தனை மணி நேரம் பொறுக்கும்: இந்த மூன்றையும் முதலில் பாருங்கள், கருவியை அப்புறம் பார்க்கலாம். உங்கள் பட்டியலுக்கு என் யோசனை:

ஜெர்பெராவும் சாமந்தியும் தேங்காய் நார்த்தூள் தொட்டியில், சொட்டுநீரில். தொட்டி பிடித்துவைத்திருக்கும் ஈரம் மூன்று மணி நேர மின்வெட்டைத் தாராளமாகத் தாங்கும். பெட்டூனியா ஒரு பருவச் செடி, எதிலும் வரும். ஆர்க்கிட்டுக்குப் பம்பே வேண்டாம். சுட்ட களிமண் உருண்டை நிரப்பிய பாத்திரம் ஒன்று போதும்.

#3 குமிழ்நீர்

பெட்டூனியாவுக்கு ஆழ்நீர் வாளிதான் என் ஓட்டு, அதாவது வேர் ஊட்டக் கரைசல்ல முங்கி இருக்கும், ஏர் பம்ப் அதுல குமிழ் விடும். செலவு குறைவு, வேரைக் கண்ணால பாத்துக்கிட்டே இருக்கலாம், தப்பு நடந்தா அன்னிக்கே தெரியும்.

20 லிட்டர் வாளி, மூடியோட, வெளிச்சம் உள்ள போகாத நிறத்துல எடுங்க. உறுதி தெரியலைன்னா வாளிக்குள்ள டார்ச்சை ஏத்தி மூடிப் பாருங்க. வெளிச்சம் வெளிய கசிஞ்சா பாசி நிச்சயம். ஒரு வாளிக்கு ரெண்டு செடி. ஏர் பம்ப் வாளி ஒன்னுக்கு நிமிஷத்துக்கு 4–5 லிட்டர் காத்து தர்றதா இருக்கணும். பம்பைத் தண்ணி மட்டத்துக்கு மேல வைங்க, முடியலைன்னா குழாயில ஒருவழி வால்வு போடுங்க. இல்லைன்னா கரண்ட் போறப்ப தண்ணி குழாய் வழியா ஏறி பம்புக்குள்ள போயிடும்.

நாத்து வைக்கிறப்ப தண்ணி வலைத்தொட்டியோட (மூடியில செருகுற ஓட்டைத் தொட்டி) அடியைத் தொடணும். வேர் பத்து சென்டிமீட்டர் இறங்கினதும் மட்டத்தை 4 சென்டிமீட்டர் கீழ கொண்டுவந்துடுங்க. அந்த இடைவெளியில வர்ற வேர் காத்துலேர்ந்தே ஆக்சிஜன் எடுக்கும். கரண்ட் போன மூணு மணி நேரத்துல செடியைக் காப்பாத்துறது அதுதான். பழக்கதோஷத்துல மறுபடி விளிம்பு வரைக்கும் ஊத்தாதீங்க, அந்த வேர் மூச்சு முட்டிச் செத்துடும்.

முக்கியமானது தண்ணி வெப்பம். 20 டிகிரியில தண்ணி அதிகபட்சம் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில ஏழரைதான். அதே சூட்டுல வேருக்கு ஆக்சிஜன் தேவை கூடும், வேர் அழுகல் பூஞ்சைக்கும் கொண்டாட்டம். 18–22ல வைங்க. 25ஐத் தாண்டுற அறைன்னா வாளி முறையை மறந்துடுங்க.

ஜெர்பெராவும் வாளியில வரும், இலைநரம்பு அதை அடியோட ஒதுக்க வேண்டாம்.

#4 இலைநரம்பு

வரும். ஆனால் குமிழ் உடைந்து தெறிக்கும் துளி மூடியின் அடியில் படிந்து, இரவு பகலாகக் கழுத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். ஜெர்பெராவின் இலையும் பூவும் கழுத்திலிருந்துதான் கிளம்புகின்றன. அங்கே ஈரம் தங்கினால் பைட்டோப்தோரா என்ற அழுகல் நோய் வரும்: நடு இலைகள் வாடும், கையால் இழுத்தால் செடி வேரிலிருந்து கழன்று வந்துவிடும். அந்தக் கட்டத்தில் மருந்தில்லை. எட்டுச் செடிக்கு அந்த அபாயம் தேவையில்லை என்பதுதான் என் வாதம்.

#5 ஈரவேர்

சரி, என்எஃப்டியை விட்டுவிடுகிறேன். இரண்டு கேள்வி. எல்லாவற்றுக்கும் ஒரே ஊட்டக் கரைசல் தொட்டி வைக்கலாமா? நார்த்தூளை அப்படியே நிரப்பலாமா?

#6 நார்த்தூள்

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். அப்படியே நிரப்பக்கூடாது.

நார்த்தூளின் பரப்பில் பொட்டாசியமும் சோடியமும் ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் கொடுக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அது பிடித்துக்கொண்டு, பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே விடும். கரைசலில் எல்லாம் சரியாக இருந்தும் முதல் மாதம் முழுக்க இளம் இலை விளிம்பு கருகிக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம். செய்யவேண்டியது: கட்டியை ஊறவைத்து உதிர்த்து, வடியும் நீரின் இசி 0.5க்கு அருகில், அதாவது உங்கள் குழாய்த் தண்ணீர் அளவுக்கு, இறங்கும்வரை அலசுங்கள். பிறகு லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓர் இரவு முழுக ஊறவிட்டு வடித்து, இன்னொரு முறை வெறும் நீரில் அலசுங்கள். பையில் ‘பதப்படுத்தியது’ என்று போட்டிருந்தாலும் வடிநீரை ஒருமுறை அளந்துவிட்டே நம்புங்கள்.

கலவை: நார்த்தூள் 7 பங்கு, பெர்லைட் (லேசான வெள்ளைப் பாறைத் துகள்) 3 பங்கு. ஜெர்பெராவுக்குச் செடிக்கு 5 லிட்டர் தொட்டி. கழுத்து கலவைக்கு மேலே 1–2 சென்டிமீட்டர் துருத்திக்கொண்டிருக்க வேண்டும். நட்டவுடன் செடி ஆடும், பார்க்கச் சரியில்லாத மாதிரி தெரியும். அதற்காக மண் அணைப்பதுபோல் அணைத்துவிடாதீர்கள். சொட்டுமுனை கழுத்திலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி. தொட்டிக்கு இரண்டு முனை, எதிரெதிராக. ஒன்று அடைத்தாலும் மற்றது காப்பாற்றும்.

சொட்டுநீரில் பெரும்பாலோர் சறுக்குவது பம்பில்தான். அழுத்தம் சமன்செய்யும் ட்ரிப்பர்கள் (சொட்டுமுனைகள்) திறக்க அரை முதல் ஒரு பார் அழுத்தம் வேண்டும். மீன்தொட்டிப் பம்ப் 2 மீட்டர் உயரம் தள்ளும் என்றால் அது தருவது 0.2 பார்தான். முனைகள் கசியும், சில திறக்கவே திறக்காது. சின்ன டயாஃப்ரம் பம்ப் போடுங்கள். அல்லது அந்த ட்ரிப்பரையே விட்டுவிட்டு, எல்லாத் தொட்டிக்கும் ஒரே நீளத்தில் வெட்டிய மெல்லிய குழாய்களை வைத்துக்கொள்ளுங்கள். குழாய் நீளம் மாறினால் நீர் அளவும் மாறும், அதனால் பக்கத்துத் தொட்டிக்கும் அதே நீளம்தான், மிச்சத்தைச் சுருட்டி வையுங்கள். பம்புக்கு அடுத்து 120 மெஷ் வடிகட்டி, வாரம் ஒருமுறை கழுவவேண்டும்.

அளவு: மணிக்கு 2 லிட்டர் முனை இரண்டு, மூன்று நிமிடம் ஓடினால் தொட்டிக்கு 200 மில்லி. விளக்கு எரியும் நேரத்தில் மூன்று முறையோடு தொடங்குங்கள். கொடுத்ததில் 20–25 சதம் கீழே வடியவேண்டும். ஒரு தொட்டியின் அடியில் கிண்ணம் வைத்து அளந்தால் போதும். வடிவது குறைவென்றால் ஒரு வேளை கூட்டுங்கள், நிறைய வடிந்தால் நிமிடத்தைக் குறையுங்கள். வடிநீர் இசி உள்ளே போவதைவிட 0.5க்கு மேல் கூடினால் உப்பு சேர்கிறது என்று பொருள், ஒருநாள் கூடுதலாக ஊற்றி அலசிவிடுங்கள். கடைசி நீர் விளக்கு அணைவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால். இரவில் தொட்டி நனைந்து நிற்கக்கூடாது.

#7 இலைநரம்பு

முதல் கேள்விக்கு: ஒரே தொட்டி போதாது. ஜெர்பெரா, சாமந்தி, பெட்டூனியா மூன்றும் இசி 1.5–2.0, பிஎச் 5.5–6.0 என்ற ஒரே வட்டத்துக்குள் அடங்கிவிடும். ஃபலனாப்சிஸ் 0.5–0.8ஐத் தாண்டக்கூடாது. உங்கள் குழாய்த் தண்ணீரே 0.5 என்பதால் ஆர்க்கிட்டுக்கு ஆர்ஓ நீரோ மழைநீரோதான் சரி.

மற்ற மூன்றுக்கும் 100 லிட்டருக்கான கணக்கு:

ஏ கரைசல், 1 லிட்டர் நீரில்: கால்சியம் நைட்ரேட் (15.5 சதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், உள்ளது) 70 கிராம், இரும்பு டிடிபிஏ 11 சதம் (இரும்பைக் கரைந்த நிலையில் வைத்திருக்கும் கீலேட்) 2 கிராம்.

பி கரைசல், இன்னொரு 1 லிட்டர் நீரில்: பொட்டாசியம் நைட்ரேட் 40 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 15 கிராம், எப்சம் உப்பு எனும் மெக்னீசியம் சல்பேட் 40 கிராம், இரும்பு சேராத நுண்ணூட்டக் கலவை பொட்டலத்தில் உள்ள அளவுப்படி.

லிட்டருக்கு இரண்டிலும் 10 மில்லி. ஏ ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகே பி. இரண்டையும் அடர்த்தியாகச் சேர்த்தால் கால்சியம், சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் கூடி வெள்ளை மாவாக அடியில் படியும். படிந்ததைச் செடியால் எடுக்க முடியாது, ட்ரிப்பரையும் அடைக்கும்.

சுத்த நீரில் இந்த அளவு ஏறக்குறைய இசி 1.5 தரும். லிட்டருக்கு தழைச்சத்து 160, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 34, பொட்டாசியம் 200, கால்சியம் 133, மெக்னீசியம் 39 மில்லிகிராம். உங்கள் நீரில் ஏற்கெனவே 0.5 இருப்பதால் முக்கால் அளவு, அதாவது லிட்டருக்கு ஏழரை மில்லி ஊற்றினால் 1.65க்குப் பக்கத்தில் நிற்கும். அங்கிருந்து தொடங்குங்கள். ‘பூக்கும் பருவ ஊட்டம்’ என்று மணிச்சத்தை அள்ளிக்கொட்டும் கலவைகள் தேவையில்லை. 30–40 மில்லிகிராமுக்கு மேல் பூ கூடுவதில்லை, இரும்பும் துத்தநாகமும் கிடைப்பதுதான் கெடும்.

பிஎச் எப்போதும் ஊட்டம் சேர்த்த பிறகே அளக்கவேண்டும். 7.8 என்ற எண் பயமுறுத்துவதல்ல. அதன் பின்னால் இருக்கும் பைகார்பனேட்தான் ஆள். இன்று அமிலம் விட்டு 5.8க்கு இறக்கினால் நாளைக் காலை 6.6ல் நிற்கும். தொட்டியைக் கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் திரும்பச் சரிசெய்துவிட்டுச் செடிக்கு விடுங்கள். அமிலத்தைத்தான் நீரில் விடவேண்டும், அடர் அமிலத்தின் மேல் நீரை ஊற்றக்கூடாது. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

#8 இரவுமொட்டு

எல்லோரும் வேரையே பேசுகிறீர்கள். இந்தப் பட்டியலில் பெரிய முரண் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நண்பர் ஆறு மாதம் இலை மட்டுமே பார்ப்பார்.

சாமந்தி குறும்பகல் செடி. 13 மணி நேரம் தொடர்ந்து இருட்டு கிடைத்தால்தான் மொட்டு விடும். பெட்டூனியா நெடும்பகல் செடி, 14–16 மணி நேர வெளிச்சம் கேட்கும். ஒரே விளக்கின் கீழ் இரண்டையும் வைத்தால் ஏதாவது ஒன்று பூக்காது. அறையைக் கறுப்புத் துணியால் இரண்டாகத் தடுங்கள், அல்லது சாமந்திக்குத் தனிக் கூடாரம். இருட்டு என்றால் கண் பழகிய பிறகும் கை தெரியாத இருட்டு. பவர் ஸ்ட்ரிப்பின் சிவப்புப் பொட்டு, டைமரின் விளக்கு எல்லாவற்றின் மேலும் கறுப்பு டேப் ஒட்டுங்கள். நடுராத்திரி தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க விளக்கைப் போட்டால் அந்த இரவே கணக்கில் சேராது. பல இரவு இப்படி ஆனால், விட்ட மொட்டும் விரியாமல் பாதியில் நின்று சுற்றிலும் இலைக் குருத்து கிளம்பும்.

வேர்விட்ட சாமந்திக்கு முதல் இரண்டு மூன்று வாரம் 16 மணி நேர வெளிச்சம் கொடுத்து, நுனி கிள்ளி, கிளை வந்ததும் 11 மணி வெளிச்சம், 13 மணி இருட்டு என்று மாற்றுங்கள். அங்கிருந்து ரகத்தைப் பொறுத்து 7 முதல் 10 வாரத்தில் பூ.

வெளிச்ச அளவுக்குச் சூத்திரம் எளிது. பிபிஎஃப்டி என்பது ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு விழும், செடிக்குப் பயன்படும் ஒளி, மைக்ரோமோல் கணக்கில்: பிபிஎஃப்டி × மணி நேரம் × 0.0036 = ஒருநாள் வெளிச்சம், மோல் கணக்கில். 200 மைக்ரோமோல் 14 மணி நேரம் எரிந்தால் 10 மோல். ஜெர்பெராவுக்கும் பெட்டூனியாவுக்கும் 12க்கு மேல் இருந்தால் நல்லது. சாமந்திக்கு 11 மணி நேரம்தான் கிடைக்கிறது என்பதால் அதே 12ஐத் தொட 300 மைக்ரோமோல் வேண்டும், விளக்கைத் தாழ்த்துங்கள் அல்லது கூட்டுங்கள். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு 2.5 மைக்ரோமோல் தரும். ஒரு சதுர மீட்டருக்கு 300 வேண்டுமென்றால் சுவரில் சிதறுவதையும் சேர்த்து 140–150 வாட் என்று கணக்குப் போடுங்கள். ஆர்க்கிட்டை ஓரத்தில் தள்ளிவையுங்கள், அதற்கு 5–6 மோல் போதும்.

#9 குமிழ்நீர்

இரவுமொட்டு சொன்னது ரொம்ப சரி. அந்த 150 வாட்டும் கடைசியில அறைக்குள்ள சூடாத்தான் மாறும், தண்ணி வெப்பத்தையும் அதோட சேர்த்து யோசிங்க. ஏர் பம்ப் விளக்குக்குப் பக்கத்துல இருந்தா சூடான காத்தையே வாளிக்குள்ள ஊதும். தரையோட வைச்சு ஒருவழி வால்வு போடுறது நல்லது.

ஒயர் எல்லாம் பிளக்குக்குப் போறதுக்கு முன்னாடி ஒருமுறை கீழ தொங்கி மேல ஏறணும். ஒயர் வழியா வர்ற துளி அங்கயே சொட்டிடும், பிளக்குக்குள்ள போகாது. கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கிற பிரேக்கர் இல்லாம இந்த அறையைத் தொடங்காதீங்க.

#10 ஈரவேர்

நாற்று வைத்து மூன்று வாரம். ஜெர்பெராவும் சாமந்தியும் நன்றாக இருக்கின்றன. வாளியில் உள்ள பெட்டூனியாவில் மட்டும் நுனி இலைகள் வெளுத்து மஞ்சளாகின்றன, நரம்பு பச்சையாகவே இருக்கிறது. கீழ் இலைகளில் ஒன்றுமில்லை. வேர் லேசான பழுப்பு. டிடிஎஸ் மீட்டர் (கரைந்த உப்பை பிபிஎம் கணக்கில் காட்டுவது) 1,050 பிபிஎம் காட்டுகிறது, அதை இசி 2.1 என்று எடுத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றிக் குறைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

#11 இலைநரம்பு

நிறுத்துங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். உங்கள் மீட்டர் எந்த அளவுகோலில் இருக்கிறது? மீட்டர் இசியை 500ஆலோ 700ஆலோ பெருக்கித்தான் பிபிஎம் காட்டுகிறது. 500 அளவுகோல் என்றால் 1,050 பிபிஎம் இசி 2.1. 700 அளவுகோல் என்றால் அதே 1,050 வெறும் 1.5. தெரிந்துகொள்ள 1.413 இசி அளவுத்திருத்தக் கரைசலில் முக்குங்கள். 707 பக்கம் காட்டினால் முதலாவது, 989 பக்கம் காட்டினால் இரண்டாவது. அதன்பிறகு பிபிஎம்மை மறந்துவிட்டு மீட்டரை இசிக்கே மாற்றிவிடுங்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறி இரும்புக் குறைவு. இரும்பு பழைய இலையிலிருந்து புது இலைக்கு நகராது, அதனால்தான் நுனியில் தெரிகிறது. மெக்னீசியக் குறைவு என்றால் இதே மஞ்சள் கீழ் இலையில் தொடங்கும். வாளியின் பிஎச் எவ்வளவு?

#12 ஈரவேர்

கரைசலில் 990 காட்டியது, ஆக 1.5தான். வாளியின் பிஎச் 6.9. நார்த்தூள் தொட்டிகளின் வடிநீர் 6.1.

#13 இலைநரம்பு

அதுதான் விஷயம். இரும்பு வாளியில் இருக்கிறது, செடியால் எடுக்க முடியவில்லை. பெட்டூனியா இரும்பை எடுப்பதில் பலவீனமான செடி. 6.2க்கு மேல் போனாலே முகம் வாடும், ஜெர்பெரா கொஞ்சம் பொறுக்கும். நைட்ரேட் வடிவிலேயே தழைச்சத்து கொடுக்கும்போது வேர் அதை எடுக்க எடுக்க பிஎச் ஏறும், அதோடு உங்கள் நீரின் பைகார்பனேட்டும் சேர்ந்துகொண்டது.

வாளியைப் பழைய கரைசலைக் கொட்டிப் புதிதாக நிரப்புங்கள், பிஎச் 5.6. மறுநாளும் மூன்றாம் நாளும் அளந்து 6.0ஐத் தாண்டினால் இறக்குங்கள். வாளிக்குக் கொஞ்சம் ஆர்ஓ நீர் கலந்தால் இந்த ஓட்டம் அடங்கும். ஐந்தாறு நாளில் புதிதாக வரும் இலை பச்சையாக வந்தால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். முன்பே வெளுத்தவை முழுதாகத் திரும்பாது. மூடியில் வெளிச்சம் நுழையும் ஓட்டை இருந்தால் அடையுங்கள், வெளிச்சம் பட்டால் இரும்புக் கீலேட் உடைந்துபோகும்.

#14 குமிழ்நீர்

வேர் பழுப்புன்னு சொன்னீங்களே, அதை இப்பவே பாத்துடுங்க. ரெண்டு விரலால ஒரு வேரைப் பிடிச்சு மெதுவா இழுங்க. மேல்தோல் வழவழன்னு உறையாட்டம் கழண்டு உள்ள நூல் மாதிரி ஒரு இழை மட்டும் மிஞ்சினா அது பித்தியம், அழுகல். தோல் இறுக்கமா இருந்து, வாடை பச்சையா, புது மண் மாதிரி இருந்தா அது இரும்புக் கீலேட்டோட கறைதான், பயமில்லை.

#15 ஈரவேர்

தோல் இறுக்கமாக இருக்கிறது, வாடையும் இல்லை. நன்றி. கரைசலை மாற்றிவிட்டேன். ஆர்க்கிட் மட்டும் இன்னும் மரப்பட்டைத் துண்டுகளில்தான் இருக்கிறது, எப்போது களிமண் உருண்டைக்கு மாற்றலாம்?

#16 நார்த்தூள்

செடியின் அடியில் பச்சை நுனியோடு புது வேர் கிளம்பும்போது. பட்டையில் வளர்ந்த பழைய வேர் காற்றுக்குப் பழகியது, உருண்டையின் ஈரத்தில் அதில் பாதி போய்விடும். புது வேர் அங்கேயே முளைத்து அந்த ஈரத்துக்கே பழகிக்கொள்ளும். பூக்காம்பு நிற்கும்போது தொடாதீர்கள்.

பாத்திரத்தின் பக்கத்தில் அடியிலிருந்து 3 சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு துளை. அதற்குக் கீழே நிற்பதுதான் நீர்த்தேக்கம். உருண்டைகளைக் கழுவி ஒருநாள் ஊறவைத்த பிறகு நிரப்புங்கள், காய்ந்த உருண்டை வேரிலிருந்து நீரை உறிஞ்சும். வேர் தேக்கத்துக்கு மேலே இருக்கட்டும், ஈரம் உருண்டை வழியாக ஏறிவரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெறும் ஆர்ஓ நீரை மேலிருந்து ஊற்றி உப்பை வெளியேற்றுங்கள். உருண்டையின் மேல் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் அதற்கு முன்பே.

ஆர்க்கிட் பூக்க இருட்டுக் கணக்கு தேவையில்லை, குளிர்ச்சிதான் தேவை. சில வாரம் 25 டிகிரிக்குக் கீழே இருந்தால் காம்பு கிளம்பும், 28க்கு மேலேயே இருந்தால் இலை மட்டும்தான். உங்கள் அறையில் விளக்குக்கு மிகத் தொலைவான, தரையை ஒட்டிய மூலை அதற்குச் சரியான இடம்.

ஜெர்பெரா பூத்ததும் ஒன்று: காம்பைக் கத்தரியால் வெட்டாதீர்கள். அடியில் பிடித்துப் பக்கவாட்டில் சாய்த்து இழுத்தால் கழுத்திலிருந்து சுத்தமாகப் பிரிந்துவரும். வெட்டினால் மிஞ்சும் குச்சி அழுகி, அதன் வழியாகவே கழுத்துக்குள் நோய் இறங்கும்.